எட்டாம் நாள் ஊசி

டிப்போவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டபுள் சீட்டு என்றால்தான் தெரியும். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது பயணியாக பஸ்ஸில் ஏறினால், இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் அவர் ஒருத்தர்தான். பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிற மாதிரி தெரியும். அதை நம்பி உட்கார்ந்தவர்கள் பாதி உடம்பை நடைவழியில் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். இந்தப் பேரை வைத்தது அவருடைய சொந்தக் கண்டக்டர். கேட்டு முதலில் சிரித்தது டபுள் சீட்டு. அவருக்குக் கோபப்படத் தெரியாது. யாராவது ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லவும் தெரியாது. உண்மையான வியாதி அந்த இரண்டாவதுதான், ஆனால் அதற்கு எந்த டாக்டரும் மருந்து எழுதித் தருவதில்லை.

இருபத்து மூன்று வருஷமாகப் பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த டிப்போவில் ஏழு நாள் டூட்டி, எட்டாம் நாள் ஆஃப். ஒரு தடவை ஆஃப் திங்கட்கிழமை வந்தால் அடுத்தது செவ்வாய், அதற்கடுத்தது புதன் என்று நகர்ந்துகொண்டே போகும். அதனால் அங்கே இன்று என்ன கிழமை என்று கேட்டால் ஆளாளுக்குப் பேந்தப் பேந்த விழிப்பார்கள். எனக்கு இன்று ஐந்தாம் நாள், எனக்கு ஆறாம் நாள் என்று டூட்டிக் கணக்குத்தான் வாயில் வரும். சுவரில் அழகான காலண்டர் ஒன்று தொங்கியது. போன வருஷத்துக் காலண்டர். யாரும் கவனிக்கவில்லை, எல்லாருடைய கண்ணும் பக்கத்தில் ஒட்டியிருந்த டூட்டி சார்ட்டின் மேல்தான்.

அவசரம் என்றால் ஒருவருடைய ஆஃபை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள் வேறெங்கும் அலைய மாட்டார்கள். நேராக டபுள் சீட்டிடம் வந்து, "அண்ணே, ஒரு உதவி" என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் முடிப்பதற்குள் இவர் தலையாட்டிவிடுவார்.

வினை வருஷாந்திர மருத்துவப் பரிசோதனையில் வந்தது. கம்பெனி டாக்டர் அம்மா அவருடைய கழுத்தைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், பகலில் தூக்கம் வருமா என்று கேட்டார். சிக்னலில் வண்டி நிற்கும்போது கண் சொக்கும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் விழித்துக்கொள்வேன் என்று டபுள் சீட்டு வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தூக்கப் பரிசோதனை செய்து பார்த்ததில், தூங்கும்போது மணிக்கு நாற்பது தடவை மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. எடை நூற்று நாற்பது கிலோ.

ஒன்பது மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். ஒன்பது மாதத்தில் எடை நூற்று இருபதுக்குள் வந்து, தூக்கமும் சரியாக இருந்தால் பஸ். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்த வேலைதான். பஸ் ஓட்டுவதைத் தவிர டபுள் சீட்டுக்கு வேறு எதிலும் கெட்டிக்காரத்தனம் கிடையாது, அது அவருக்கே தெரியும்.

உட்கார்ந்த வேலை என்பது, பயணிகள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போன பொருள்களை வைக்கும் அறை. மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத நீள அறை, மூன்று பக்கமும் இரும்பு அலமாரி. குடை மட்டும் நூற்றுக்கு மேல். சாப்பாட்டு டப்பா, ஒற்றைக் கையுறை, மூக்குக்கண்ணாடி, ஒரு ஊன்றுகோல், ஒரு பல்செட். ஊன்றுகோலை மறந்துவிட்டு அந்த ஆள் எப்படி இறங்கிப் போனார் என்று டபுள் சீட்டு அடிக்கடி யோசிப்பார். ஒவ்வொரு பொருளுக்கும் மஞ்சள் அட்டை எழுதி நூலில் கட்ட வேண்டும். அங்கே அவருக்குத் துணை அவருடைய கண்டக்டரேதான். முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட அவனையும் அங்கேதான் போட்டிருந்தார்கள். ஒருவருக்கு ஆஃப் என்றால் மற்றவர் அறையில் இருக்க வேண்டும். சார்ட் எழுதுகிற பெரியவர், இரண்டு பேரும் வண்டிக்குத் திரும்ப வேண்டியவர்கள்தானே என்று பழைய எட்டு நாள் வரிசையிலேயே அவர்களை வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

சாப்பாட்டைக் குறைத்து, நடந்து பார்த்து ஒன்றும் நடக்காத ஆள் என்பதால், டாக்டர் வாரம் ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி எழுதித் தந்தார். பேனா மாதிரி இருக்கும், ஒரு பெட்டியில் நாலு. மருந்தின் அளவு பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். கிளினிக் நர்ஸ் சின்னப் பெண், அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"உங்களுக்குத் தோதான நாள் ஒண்ணு முடிவு பண்ணிக்குங்க சார். போட்ட மறுநாள் கொஞ்சம் குமட்டலாம், அதையும் யோசிச்சுக்குங்க. முடிவு பண்ணிட்டா அப்புறம் நாளை மாத்தாதீங்க."

டபுள் சீட்டு யோசிக்கவே இல்லை. ஆஃப் அன்றைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்றார். நர்ஸ் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். அவளுக்கு விடுமுறை என்றால் ஞாயிற்றுக்கிழமை. உலகத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தானே.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒவ்வொரு ஆஃப் அன்றும் காலை ஒன்பது மணிக்கு, வீட்டம்மா வேலைக்குப் போனபிறகு, ஃப்ரிட்ஜிலிருந்து பேனாவை எடுத்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குத்திக்கொள்வார். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்ன ஊசியைக் கண்டு பயம். முதல் இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது. கண்டக்டர் அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பேரை ஒன்றரை சீட்டு என்று மாற்றிவிடலாமா என்று கேட்டான்.

அதே கண்டக்டர்தான் மூன்றாவது மாதம், "அண்ணே, ஒரு உதவி" என்று வந்து நின்றான். மைத்துனர் வீடு மாறுகிறார், சாமான் ஏற்ற வேண்டும், உங்கள் ஆஃப் எனக்கு வேண்டும், என் ஆஃபை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். முட்டியை வைத்துக்கொண்டு என்ன சாமான் ஏற்றுவான் என்று டபுள் சீட்டு கேட்கவில்லை, தலையாட்டினார். அப்படியாக, ஒரு ஆஃப் முடிந்த மூன்றாம் நாளே அவருக்கு அடுத்த ஆஃப் வந்தது. ஆஃப் வந்தால் ஊசி. போட்டுக்கொண்டார்.

மறுநாள் அறையில் குடைக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து, யாரோ ஒரு பயணி விட்டுப்போன பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓடினார். அன்று முழுக்க வாளியும் கையுமாகத்தான் இருந்தார். சாயங்காலம் அதைத் தேடிக்கொண்டு அதன் சொந்தக்காரர் வந்து நின்றது தனிக் கதை. கழுவிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அடுத்த ஆஃப் பதின்மூன்று நாள் கழித்து. கடைசி நாலைந்து நாள் பசி கடப்பாரையால் இடித்தது. கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டார். கண்டக்டரின் பிஸ்கட் பொட்டலத்தைக்கூட விடவில்லை. நாலாவது மாதமும் கண்டக்டருக்கு ஏதோ உதவி தேவைப்பட்டது. மறுபடியும் அதே கூத்து.

நாலாவது மாதக் கடைசியில் தராசு நூற்று முப்பத்தைந்து காட்டியது. நடுவில் வந்ததைவிட ஒரு கிலோ ஏறியிருந்தது. இப்படியே போனால் ஒன்பது மாதத்தில் நடக்காது என்று டாக்டர் சொன்னபோது, டபுள் சீட்டு தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து, என் உடம்புக்கு மருந்துகூடப் பிடிக்கவில்லை, ஊசியை நிறுத்திவிட்டு அந்த அறையிலேயே காலத்தைத் தள்ளிவிடுகிறேன் என்றார். கோபப்படத் தெரியாத மனிதருக்கு அழ மட்டும் தெரிந்திருந்தது. வீட்டம்மாவுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது புதுசு.

வீட்டம்மாவுக்கு வேலை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில். வருகிறவர்களுக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பதுதான் வேலை. யாருக்கு எந்தக் கிழமை எத்தனை மணி என்று புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டு ஃப்ரிட்ஜை ஏன் கவனிக்கவில்லை என்றால், ஊசி விஷயத்தில் தலையிட்டால் இவர் கூச்சப்படுவார் என்று விட்டுவிட்டார். அன்று சாயங்காலம் எதற்கோ ஃப்ரிட்ஜைத் திறந்தவர் அப்படியே நின்றார். பதினாறு வாரம் ஆகிவிட்டது. நாலு பெட்டியும் காலியாகியிருக்க வேண்டும். நாலாவது பெட்டியில் இரண்டு பேனா மிச்சம் இருந்தது.

"ரெண்டு ஊசி போடாம விட்டீங்களா?"

"ஒண்ணுகூட விடலை. நாளையும் மாத்தலை. ஆஃப் அன்னைக்குத்தான் போடறேன்."

வீட்டம்மாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. கைப்பையிலிருந்து தன்னுடைய டைரியை எடுத்தார். டூட்டி சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். டபுள் சீட்டு அவற்றைப் பத்திரமாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பவர். சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஊசிக்கும் டைரியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று புள்ளி படி இறங்கிக்கொண்டே போனது. பிறகு மூன்று நாளில் ஒன்று. பிறகு பதின்மூன்று நாள் வெறும் தாள்.

வீட்டம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். ஒரு நாளையும் மாத்தலையாம், எல்லா நாளையும் மாத்தியிருக்கார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டபுள் சீட்டும் கூடவே சிரித்தார். பாரம் இறங்கின மாதிரி இருந்தது அவருக்கு. கோளாறு உடம்பில் இல்லை, சார்ட்டில்தான்.

சிரிப்பு நின்றபோது வீட்டம்மாவின் விரல் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றிருந்தது. அவருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் விடுமுறை. நாலு மாதத்தில் டபுள் சீட்டின் ஆஃப் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது இரண்டே தடவை. அதில் ஒன்றைக் கண்டக்டருடைய மைத்துனர் வீட்டுச் சாமான் கொண்டுபோயிருந்தது.

"வருஷத்துக்கு ஆறோ ஏழோ ஞாயித்துக்கிழமைதான் நமக்குன்னு வருது. அதையும் கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துட்டீங்க. என்னை ஒரு தடவை கேட்டீங்களா?"

சண்டை போடும் குரலில் சொல்லியிருந்தால் டபுள் சீட்டு சமாளித்திருப்பார். வீட்டம்மா நேரம் குறித்துக் கொடுக்கும் அதே குரலில் சொன்னார். டபுள் சீட்டு, இருபத்து மூன்று வருஷமாக எத்தனை தலையாட்டல் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். வெட்கமாக இருந்தது.

வீட்டம்மா அதற்கு மேல் அதைப் பேசவில்லை. இப்போது ஊசிக்கு ஒரு நாள் குறிப்போம் என்று பேனாவை எடுத்தார். அவருக்கு அது தினசரி வேலை, வந்திருந்த ஆள்தான் புதுசு. ஆஃபை மறந்துவிடுங்கள், காலண்டரில் ஒரு கிழமை சொல்லுங்கள் என்றார். டபுள் சீட்டுக்கு எந்தக் கிழமையோடும் பழக்கம் இல்லை. திங்கட்கிழமை வேண்டாம் என்று மட்டும் தெரிந்தது. சனி, ஞாயிறில் பொருளைத் தொலைத்தவர்கள் எல்லாம் திங்கட்கிழமை காலையில் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அன்று குமட்டிக்கொண்டு நிற்க முடியாது. செவ்வாயும் கூட்டம்தான். வீட்டம்மா ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கவுண்டரையே திறக்க மாட்டார்கள், உள்ளே உட்கார்ந்து அட்டை எழுதுவதோடு சரி. ஆனால் ஞாயிறு போட்டால் குமட்டல் திங்கட்கிழமை வந்து நிற்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சனிக்கிழமை என்றார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. அவர் வேலையிலிருந்து வந்திருப்பார், வீட்டம்மாவும் வந்திருப்பார். குமட்டினால் ஞாயிற்றுக்கிழமை குடைகளோடு சேர்ந்து குமட்டிக்கொள்ளலாம்.

மறுநாள் நர்ஸுக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னார்கள். ஆஃப் என்றால் ஞாயிற்றுக்கிழமை என்று தானே நினைத்துக்கொண்டதாகவும், கேட்டிருக்க வேண்டும் என்றும் அவள் வருத்தப்பட்டாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள். கடைசி ஊசி செவ்வாய்க்கிழமை போட்டது, சனிக்கிழமைக்குப் போதுமான இடைவெளி இருக்கிறது, அளவைக் கூட்டாமல் இதே அளவில் தொடருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். டபுள் சீட்டு அறையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்து பேனாப் பெட்டியில் கட்டினார். பொருள்: ஊசி. கிடைத்த இடம்: ஃப்ரிட்ஜ். கிழமை: சனி. உரியவர்: டபுள் சீட்டு.

அதிலிருந்து சனிக்கிழமை ஏழு மணி என்பது அந்த வீட்டில் அசைக்க முடியாத நேரமாகிவிட்டது. வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். டபுள் சீட்டு கண்ணை மூடிக்கொள்வது மட்டும் மாறவில்லை. குத்தி முடித்ததும் இரண்டு பேரும் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவார்கள். முதலில் தெருமுனைவரை, பிறகு பூங்காவரை, அப்புறம் பூங்காவைச் சுற்றி. ஒரு மாதத்துக்குப் பிறகு குமட்டல் குறைந்தது, இன்னும் ஒரு மாதத்தில் நின்றே போனது. ஊசிக்கும் ஆஃபுக்கும் இப்போது சம்பந்தமில்லை என்பதால் கண்டக்டர் வந்து கேட்டபோதெல்லாம் டபுள் சீட்டு தாராளமாகத் தலையாட்டினார். ஒரு வியாதிதான் குணமாகிக்கொண்டிருந்தது.

எடை குறைகிற வேகத்தை நம்பாமல் கண்டக்டர் ஒரு நாள் அலமாரியிலிருந்த யாருடையதோ தையல் டேப்பை எடுத்து அவருடைய இடுப்பைச் சுற்றி அளந்துவிட்டு, அட்டையைக் கட்டிப் பத்திரமாகத் திரும்ப வைத்தான். எட்டாவது மாதத்தில் அவனுடைய முட்டி சரியாகிப் பஸ்ஸுக்குப் போய்விட்டான். போகும்போது, உங்கள் சீட்டில் ஒரு ஒல்லிக்குச்சி உட்கார்ந்து ஓட்டுகிறான் அண்ணே, பார்க்கச் சகிக்கவில்லை, சீக்கிரம் வாருங்கள் என்றான்.

ஒன்பதாவது மாதம் முடிந்து டாக்டர் அறைக்குப் போன அன்று டபுள் சீட்டு காலையில் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. தராசில் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றினார், சாவிக்கொத்தை எடுத்து வைத்தார், சீப்பை எடுத்தார், பர்ஸை எடுத்தார். கண்ணாடியையும் கழற்றப் போனவரை டாக்டர் தடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டுதானே பஸ் ஓட்டுவீர்கள் என்றார். நூற்றுப் பத்தொன்பது கிலோ நானூறு கிராம். தூக்கப் பரிசோதனைத் தாளை டாக்டர் இரண்டு தடவை புரட்டினார். பகலில் கண் சொக்குகிறதா, ஊசி போட்ட மறுநாள் தலை சுற்றல், குமட்டல் ஏதாவது உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டார். டபுள் சீட்டு சாவிக்கொத்தையும் சீப்பையும் அங்கேயே மறந்துவிட்டு வெளியே வந்து, திரும்பிப் போய் வாங்கிக்கொண்டார். ஒன்பது மாதம் மற்றவர்கள் மறந்த பொருளைப் பாதுகாத்தவருக்கு அன்று தன் பொருள் நினைவில் இல்லை.

பதினேழாம் நம்பர் திரும்பக் கிடைத்தது. டிரைவர் சீட்டை ஒரு படி முன்னால் தள்ளிப் போட வேண்டியிருந்தது. சார்ட் எழுதுகிற பெரியவர் அவருக்குச் சாயங்கால டூட்டி போட்டார். இரவு ஒன்பதரைக்குத்தான் வீடு. அப்போதுதான் சனிக்கிழமை ஏழு மணி நினைவுக்கு வந்தது. ஏழு மணிக்கு அவர் பதினேழாம் நம்பரின் கடைசி நிறுத்தத்தில், பன்னிரண்டு நிமிஷ இடைவேளையில் இருப்பார். ஒன்பதரைக்குப் போட்டுக்கொள்ளலாம், இரண்டரை மணி நேரத்தில் ஒன்றும் கெட்டுவிடாது என்று நர்ஸே சொன்னாள். வீட்டம்மா கேட்கவில்லை. குறித்த நேரம் குறித்த நேரம்தான் என்றார்.

முதல் சனிக்கிழமை, கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் வீட்டம்மா பஸ்ஸில் ஏறினார். கையில் ஒரு சின்னத் துணிப்பை. இருபத்து மூன்று வருஷத்தில் கணவர் ஓட்டும் பஸ்ஸில் அவர் ஏறியதே இல்லை, அவர் வேலைக்குப் போகும் பாதை வேறு. கண்டக்டர், "வாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கையோடு டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தான். வீட்டம்மா டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து, அவர் கியர் மாற்றுவதையும் கண்ணாடியைப் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தினால்கூட எதிலாவது இடித்துக்கொள்ளும் மனிதர், அவ்வளவு பெரிய வண்டியை நெரிசலில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓட்டினார். பெருமையாக இருந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். டபுள் சீட்டு என்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் வந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்த ஒரே இருக்கையில் உட்கார முடிந்தது, வீட்டம்மாவின் தோள் கொஞ்சம் ஜன்னலில் இடித்ததைத் தவிர. கண்டக்டர் அதைப் பார்த்தான், வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டு கீழே இறங்கப் போனான். மணி ஏழு. பஸ் விளக்கு வெளிச்சத்தில் சட்டையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு குத்திக்கொண்டார்.

வீட்டம்மா பேனாவை வாங்கிப் பையில் வைத்தபடி, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்க நிறைய இருக்கிறது என்று பொதுவாக ஏதோ சொன்னார்.

"தெரியும்," என்றார் டபுள் சீட்டு. "எனக்கும் நாளைக்குத்தான் ஆஃப்."

வீட்டம்மா பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"யாரும் மாத்திக் கேட்கலையா?"

"கேட்டாங்க. பன்னிரண்டாம் நம்பர் டிரைவர் ரெண்டு தடவை கேட்டார்." படியில் நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்தான். "தர மாட்டேன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு டபுள் சீட்டு எழுந்து டிரைவர் சீட்டுக்குப் போனார். புறப்பட இரண்டு நிமிஷம்தான் இருந்தது. அங்கேயே இறங்கி வேறு பஸ் பிடித்து வீட்டுக்குப் போவதாகத்தான் வீட்டம்மாவின் ஏற்பாடு. அவர் இறங்கவில்லை. பர்ஸைத் திறந்து சில்லறையை எடுத்து, கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"தம்பி, திரும்பிப் போறதுக்கும் ஒரு டிக்கெட் குடுங்க."